ஊர் ஏரியை அறிந்து காப்பது எப்படி: முதல் ஓராண்டுக்கான கள வழிகாட்டி

ஏரியைக் காக்கப் புறப்படுகிறவர்கள் பெரும்பாலும் கடைசிப் படியில்தான் காலை வைக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை இருபது பேர் கூடுவார்கள். பொக்லைன் வரும். உள்வாயில் (கரைக்கு உட்புறம் தண்ணீர் தேங்கும் பகுதியில்) இருந்த செடிகொடி அத்தனையும் வழித்தெடுக்கப்படும். நடுவில் ஒரு மண்திட்டு, சுற்றிலும் நடைபாதை. அடுத்த மழைக்குத் தண்ணீர் நிற்கும், பறவை இறங்காது. கொக்கும் உள்ளானும் நின்று மேய வேண்டிய கணுக்கால் ஆழத் தண்ணீர் அந்த ஏரியில் இனி எங்குமே இல்லை.

இதைத் தவிர்க்க ஒரே வழி, வேலையை வரிசையாகச் செய்வது. முதலில் ஆவணம், பிறகு தண்ணீர், பிறகு செடி, பிறகு உயிரினம், கடைசியில்தான் மண்வெட்டி. நீர் வரத்து தொடங்கும் ஐப்பசியிலிருந்து அடுத்த புரட்டாசி வரை ஒரு முழுச் சுற்றைப் பார்த்த பிறகே ஏரிக்குள் கை வைக்கலாம். சாக்கடையையும் குப்பையையும் தடுக்க மட்டும் காத்திருக்க வேண்டாம்.

இங்கே சொல்வது தமிழ்நாட்டுச் சமவெளியின் ஏரி, கண்மாய், குளம், தாங்கல் ஆகியவற்றுக்குப் பொருந்தும். கழிமுகம், அலையாத்திக் காடு, மலைச் சோலைச் சதுப்பு ஆகியவற்றின் நடைமுறை வேறு.

1. புறப்படும் முன் சேர்த்துக்கொள்ள வேண்டியவை

8x42 அல்லது 10x50 இருநோக்கி ஒன்று. கெட்டி அட்டை போட்ட நோட்டு, பென்சில் (பேனா மை நனைந்தால் அழிந்துவிடும்). 30 மீட்டர் நாடா. பத்து சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போட்ட இரண்டரை மீட்டர் மூங்கில் கழி. நான்கு பிவிசி குழாய்களை இணைத்துச் செய்த ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சட்டம். கையடக்க டிடிஎஸ் மீட்டர் (தண்ணீரில் கரைந்த உப்புகளை அளப்பது), பிஎச் மீட்டர் (அமில, காரத் தன்மையை அளப்பது). 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டத் தகடு. அதை நான்காகப் பகுத்து எதிரெதிர்க் கால்பகுதிகளுக்குக் கறுப்பும் வெள்ளையும் பூசி, நடுவில் கயிறு கட்டிக்கொள்ளுங்கள்.

முழங்கால் வரையிலான ரப்பர் பூட்ஸ் வேண்டாம். சேற்றில் சிக்கினால் உள்ளே தண்ணீர் ஏறிக் காலை இழுக்க முடியாமல் போகும். இறுகக் கட்டிய கேன்வாஸ் ஷூவே பாதுகாப்பு.

தனியாகப் போகக் கூடாது. கிராவல் மண் அள்ளிய பள்ளங்கள் தண்ணீருக்கு அடியில் தெரியாது. ஒவ்வோர் அடிக்கும் கழியை முன்னே ஊன்றிப் பார்த்தே காலை வையுங்கள். காலில் புண் இருந்தால் தண்ணீரில் இறங்க வேண்டாம். எலிக்காய்ச்சல் பரவும் வழி அது. கரைப் புதரிலும் கல் இடுக்கிலும் கண்ணாடி விரியன் படுத்திருக்கும். கடிபட்டால் கட்டுப் போடுவது, கீறுவது எதுவும் செய்யாமல், விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்கு நேராகக் கொண்டுபோக வேண்டும். அருகில் அது எங்கே இருக்கிறது என்பதை முதல் நாளே குறித்துக்கொள்ளுங்கள்.

2. ஆவணத்தில் ஏரியைக் கண்டுபிடியுங்கள்

ஏரியின் பெயரை வைத்துக்கொண்டு எந்த அலுவலகத்திலும் வேலை நடக்காது. புல எண் (சர்வே எண்) வேண்டும். தமிழ்நாடு அரசின் நில ஆவண மின்சேவைத் தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம் தேர்ந்து, அ-பதிவேட்டு (கிராம நிலங்களின் அடிப்படைப் பதிவேடு) விவரத்தையும் புலப்படத்தையும் (நில அளவை வரைபடம்) எடுங்கள். ஏரி ஒரே புல எண்ணில் அடங்குவது அரிது. கரை, உள்வாய், வரத்துக்கால் (ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்கால்), கலங்கல் ஓடை (ஏரி நிறைந்ததும் மிகைநீர் வழியும் கலங்கலிலிருந்து போகும் ஓடை) என்று நான்கைந்து எண்களில் சிதறிக் கிடக்கும். சில நேரம் பக்கத்துக் கிராமக் கணக்கிலும் இருக்கும். எல்லாவற்றின் வகைப்பாட்டையும் (ஏரிப் புறம்போக்கு, வாய்க்கால் புறம்போக்கு, ஓடை) பரப்பையும் ஒரே தாளில் எழுதுங்கள். பரப்பு ஹெக்டேரில் இருக்கும், ஏக்கராக்க 2.47ஆல் பெருக்க வேண்டும்.

அடுத்து, ஏரி யார் பொறுப்பில் இருக்கிறது என்று பாருங்கள். ஆயக்கட்டு (ஏரியால் பாசனம் பெறும் நிலப்பரப்பு) 40 ஹெக்டேருக்கு, அதாவது 100 ஏக்கருக்குக் குறைவாக இருந்தால் பொதுவாக ஊராட்சி ஒன்றியம். அதற்கு மேல் நீர்வளத்துறை. இது தெரியாமல் கொடுக்கும் மனு இரண்டு அலுவலகங்களுக்கு இடையே மாதக்கணக்கில் அலையும்.

பிறகு கணினியில் கூகுள் எர்த்தைத் திறந்து பழைய ஆண்டுப் படங்களைப் பாருங்கள். ஒவ்வோர் ஆண்டுக்கும் இரண்டு படம் போதும்: நிறைந்திருக்கும் டிசம்பர் அல்லது ஜனவரி, வற்றிய மே அல்லது ஜூன். நீர்ப்பரப்பின் விளிம்பைக் கோடிட்டுப் பரப்பை அளந்து வையுங்கள்.

இங்கே புதியவர்கள் அடிக்கடி செய்யும் தவறு ஒன்று உண்டு. பதிவேட்டில் 50 ஹெக்டேர், படத்தில் 38 ஹெக்டேர் என்றால் 12 ஹெக்டேர் ஆக்கிரமிப்பு என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். பதிவேட்டுப் பரப்பில் கரையும் சேர்ந்திருக்கும். மழை குறைந்த ஆண்டாகவும் இருக்கலாம். மாறாக, ஏரி நிறைந்தால் மூழ்கும் நிலத்தில் சட்டப்படியான பட்டா நிலமும் சில ஊர்களில் உண்டு. நில அளவர் எல்லை காட்டாதவரை 'ஆக்கிரமிப்பு' என்ற சொல்லைக் காகிதத்தில் எழுதாதீர்கள். 'வேறுபாடு' என்று எழுதுங்கள். அப்படி எழுதிய ஆவணத்தை யாராலும் எளிதில் தள்ளிவிட முடியாது.

3. தண்ணீர் வரும் வழியையும் போகும் வழியையும் நடந்து பாருங்கள்

இதை மழைக்கு முன் ஒருமுறை, மழை பெய்துகொண்டிருக்கும்போது ஒருமுறை செய்ய வேண்டும். காய்ந்த வாய்க்காலில் அடைப்பு தெரியும். ஓடும் வாய்க்காலில்தான் தண்ணீர் எங்கே திசைமாறுகிறது என்பது தெரியும்.

கலங்கலில் தொடங்குங்கள். அதன் உச்சி மட்டம்தான் ஏரியின் முழு நீர்மட்டம். மற்ற எல்லா அளவுக்கும் அதுவே அடிப்படை. கலங்கல் உச்சியில் புதிதாக உடைத்த தடம் இருக்கிறதா என்று பாருங்கள். உள்வாயில் வீடோ பயிரோ வைத்திருப்பவர்கள் தண்ணீர் ஏறாமலிருக்க இரண்டு கல் வரிசையை எடுத்துவிடுவது உண்டு. உள்வாய் மிகத் தட்டையாக இருப்பதால் கலங்கல் அரை அடி இறங்கினாலும் நீர்ப்பரப்பு பல ஏக்கர் சுருங்கிவிடும். முதலில் போவது ஓரத்து ஆழமில்லாத் தண்ணீர்தான்.

அங்கிருந்து கரையோரமாக நடந்து ஒவ்வொரு மதகையும் குறியுங்கள்: அடைப்பான் இருக்கிறதா, கசிகிறதா, அடிமட்டம் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது. மதகின் அடிமட்டத்துக்குக் கீழே நிற்கும் தண்ணீர் வயலுக்குப் பாயாது. ஏரியைக் கிண்ணமாகத் தோண்டிவிட்டு 'கொள்ளளவு கூடிவிட்டது' என்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். வண்டலைத் தாண்டி மணல் அடுக்கு வரை தோண்டினால் நின்ற தண்ணீரும் கீழே இறங்கிவிடும்.

கடைசியாக வரத்துக்கால். ஏரியின் வாயிலிருந்து மேலேறி, மேல் ஏரியின் கலங்கல் வரை அல்லது ஓடை பிரியும் இடம் வரை நடக்க வேண்டும். பாலம், குழாய், குப்பை மேடு, சாக்கடை சேருமிடம் ஒவ்வொன்றையும் கைப்பேசியில் இருப்பிடக் குறியோடு படமெடுங்கள். சாலை போட்டபோது இரண்டு கண் பாலத்துக்குப் பதில் ஓரடிக் குழாய் பதித்திருப்பார்கள். ஏரி நிறையாததற்கு அந்த ஒரு குழாய் மட்டுமே காரணமாக இருப்பதைப் பல இடங்களில் பார்க்கலாம்.

இந்த நடைக்கு ஊரில் மடை திறக்கிறவரை அழைத்துப் போங்கள். நீர்க்கட்டி, நீர்ப்பாய்ச்சி, நீராணிக்காரர் என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும். எந்த ஆண்டு கலங்கல் பாய்ந்தது, எந்த மூலையில் சேறு அதிகம், கோடையில் கடைசித் தண்ணீர் எங்கே நிற்கும் என்பதெல்லாம் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அவர் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், ஊர்ப் பெயர்களோடு.

4. மாதம் ஒருமுறை தண்ணீரை அளந்து வையுங்கள்

நான்கு இடங்களைத் தேர்ந்து ஆண்டு முழுவதும் மாற்றாமல் வைத்துக்கொள்ளுங்கள்: வரத்துக்கால் சேரும் வாய், ஆழமான மதகடி, உள்வாய் ஓரம், கலங்கல் பக்கம். நேரமும் மாறக் கூடாது. பாசி மிகுந்த ஏரியில் பிஎச் காலையில் 7.5ஆக இருந்து மதியம் 9ஐத் தாண்டும். பாசி ஒளிச்சேர்க்கைக்குக் கரியமில வாயுவை எடுத்துக்கொள்வதே காரணம். ஒரு மாதம் காலையிலும் அடுத்த மாதம் மாலையிலும் அளந்துவிட்டு 'தண்ணீர் கெட்டுவிட்டது' என்று சொல்வது பயனற்றது. காலை 7 மணிக்குள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆழத்தைக் கழியால் அளவிடுங்கள். கழியைச் சேற்றில் அழுத்தாமல் சேறு தட்டும் இடத்தில் நிறுத்த வேண்டும். பிறகு அழுத்தி, சேற்றின் தடிமனைத் தனியாக எழுதுங்கள்.

தெளிவை வட்டத் தகட்டால் பார்க்கலாம். நிழலில்லாத இடத்தில் மெதுவாக இறக்கி, மறையும் ஆழத்தைக் குறியுங்கள். மேலே இழுத்து, மீண்டும் தெரியும் ஆழத்தையும் குறித்து இரண்டின் சராசரியை எடுங்கள். நிறத்தையும் எழுதுங்கள். மழை முடிந்த வாரத்தில் செம்மண் நிறத்தில் கலங்கியிருப்பது இயல்பு. தையிலும் மாசியிலும் பட்டாணிப் பச்சையாக இருந்தால் சாக்கடையோ உரமோ சேருகிறது என்று பொருள்.

டிடிஎஸ் எண்ணை மட்டும் பார்த்து நல்ல தண்ணீர், கெட்ட தண்ணீர் என்று பிரிக்க முடியாது. மழையில் குறைந்து கோடையில் ஏறுவது அதன் இயல்பு. வரத்து வாயில் எடுத்த எண் மற்ற மூன்று இடங்களையும்விடத் தொடர்ந்து மிக அதிகமாக இருந்தால்தான் அந்த வாய்க்காலில் ஏதோ கலக்கிறது என்று கொள்ளலாம். மேலேறிப் போய்த் தேடுங்கள்.

மீன் வளர்ப்போர் வாங்கும் கரைந்த ஆக்சிஜன் சோதனைப் பெட்டி கிடைத்தால் விடியலில் பாருங்கள். ஆக்சிஜன் ஒரு நாளில் மிகக் குறைவது அப்போதுதான். லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழே போனால் கெண்டை இனங்கள் மேலே வந்து வாய் பிளக்கத் தொடங்கும். காற்றை நேராகச் சுவாசிக்கும் விராலும் தேளியும் பனையேறிக் கெண்டையும் தாக்குப்பிடிக்கும். வலையில் இவை மட்டுமே வருகிற ஏரியில் தண்ணீர் நெடுநாளாகவே மூச்சுத் திணறிக்கொண்டிருக்கிறது.

5. செடிகளைக் கரையிலிருந்து உள்நோக்கிப் படியுங்கள்

கரையிலிருந்து தண்ணீருக்குள் ஒரு கயிறு கட்டுங்கள். ஐந்து மீட்டருக்கு ஒருமுறை பிவிசி சட்டத்தைப் போட்டு, அதற்குள் உள்ள செடிகளையும் ஒவ்வொன்றும் எத்தனை சதவீதம் மூடியிருக்கிறது என்பதையும் எழுதுங்கள். அந்த இடத்தின் ஆழமும் அருகிலேயே இருக்கட்டும். ஏரிக்கு மூன்று கயிறு போதும். கார்த்திகை, மாசி, வைகாசி என மூன்று முறை செய்தால் பெரும்பாலான செடிகள் பிடிபட்டுவிடும். ஒரே முறை பார்த்தால் பாதிக்கு மேல் தவறிவிடும். கோடையில் வெடித்த சேற்றில் முளைக்கும் செடிகள் மார்கழியில் தென்படாது.

தண்ணீர் வந்து வந்து போகும் ஈரத் தரையில் பொடுதலை, வல்லாரை, கரிசலாங்கண்ணி, நீர்ப்பிரமி, நீர்முள்ளி. கணுக்கால் முதல் முழங்கால் ஆழம் வரை கோரை, சம்பு, ஆரை, வள்ளை. அதற்கும் உள்ளே இலை மிதக்கும் அல்லி, கொட்டி, தாமரை. மூழ்கியே கிடக்கும் வேலம்பாசி. வேரூன்றாமல் மிதந்து திரிபவை தனி.

குழப்பம் தருபவற்றை மட்டும் இங்கே சொல்கிறோம். தண்டை விரலால் உருட்டிப் பாருங்கள்: முக்கோணமாக இடித்தால் பெரும்பாலும் கோரை இனம், உருண்டையாகக் கணுக்களோடு இருந்தால் புல். சம்பின் இலை தட்டையாக, அடியில் விசிறிபோல் இரண்டு பக்கமும் அடுக்கியிருக்கும். பூக்கதிர் பழுப்பு நிறத் தூரிகை போல இருக்கும். அல்லி இலை தண்ணீரில் படிந்திருக்கும், காம்பு சேருமிடம் வரை பிளவு உண்டு. தாமரை இலைக்குப் பிளவு இல்லை. வளர்ந்த இலை நீருக்கு மேலே எழும்பி நிற்கும், தண்ணீர் ஒட்டாமல் உருளும்.

'ஆகாயத்தாமரை' என்ற பெயரில்தான் பெரிய குழப்பம். பழைய மருத்துவ வழக்கில் அது பிஸ்டியா எனும் செடி. பச்சை முட்டைக்கோசுக் குருத்து போல், மெத்தென்ற மயிருள்ள இலைகளோடு மிதக்கும். இன்று செய்தித்தாளிலும் அரசு அறிக்கையிலும் அதே பெயர் ஐகோர்னியாவுக்கு வந்துவிட்டது. காம்பு வெங்காயம் போல் உப்பி, ஊதாப் பூ பூப்பது இது. வெங்காயத்தாமரை என்பதே பொருத்தமான பெயர். பெயரோடு படமும் அறிவியல் பெயரும் இல்லாமல் எழுதினால், அடுத்த ஆண்டு உங்கள் குறிப்பு உங்களுக்கே புரியாது.

பொன்னாங்கண்ணியிலும் ஒரு கண் வேண்டும். நம் பொன்னாங்கண்ணிக்கு வெள்ளைப் பூக்கொத்து இலைக்கணுவில் காம்பின்றி ஒட்டியிருக்கும். தென் அமெரிக்காவிலிருந்து வந்த அயல் வகையில் பூக்கொத்து நீண்ட காம்பின் நுனியில் நிற்கும், தண்டு உள்ளீடற்றது. தண்ணீரின் மேல் பாயாகப் படரும். சாக்கடை கலக்கும் ஏரியில் பறித்த எந்தக் கீரையையும் சமைக்க வேண்டாம். கழுவினாலும் உலோக நச்சு போகாது.

ஒவ்வொரு செடிக்கும் நான்கு படம்: முழுச் செடி, இலையின் முன்பக்கம், பின்பக்கம், பூ அல்லது காய். பூவை மட்டும் படமெடுத்து வந்தால் கோரைகளைப் பிரிக்கவே முடியாது.

6. பறவைகளை எண்ணுங்கள், அதிகாலையில், மாதம் ஒருமுறை

சூரியன் உதித்து இரண்டு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். வெயில் ஏறினால் கானல் அசைவில் தூரத்து வாத்துகள் எல்லாம் கறுப்புப் புள்ளியாகிவிடும். சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி நிற்கும் இடங்களை முன்பே தேர்ந்து, ஒவ்வோர் இடத்திலிருந்தும் எந்தப் பகுதி உங்கள் கணக்கு என்பதை வரைபடத்தில் பிரித்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரே கூட்டத்தை இரண்டு முறை எண்ணுவீர்கள்.

பெரும் கூட்டத்தை ஒவ்வொன்றாக எண்ண முடியாது. முதலில் பத்துப் பறவைகளை எண்ணி, அவை அடைக்கும் இடத்தின் அளவைக் கண்ணில் பதித்துக்கொண்டு, அந்த அளவு கூட்டத்தில் எத்தனை முறை வருகிறது என்று பாருங்கள். இனம் தெரியாவிட்டால் 'வாத்து, இனம் தெரியவில்லை, 40' என்று எழுதுங்கள். ஊகித்து எழுதிய ஒரு பெயர் முழுப் பட்டியலின் நம்பகத்தையும் கெடுக்கும்.

வெள்ளைக் கொக்குகளில் தொடங்குவது நல்ல பயிற்சி. சின்னக்கொக்குக்கு அலகு கறுப்பு, கால் கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள். உண்ணிக்கொக்குக்குக் கழுத்து குட்டை, அலகு மஞ்சள். மாட்டின் பின்னால் திரியும். மடையான் உட்கார்ந்திருக்கும்போது மண்ணிறத்தில் மறைந்து கிடக்கும், பறந்தால் இறகு முழுதும் வெள்ளை. வரப்பில் ஒன்று, வானில் வேறொன்று என்று இரண்டு இனமாக எழுதிவிடுவது வழக்கமான பிழை. கறுப்பு நீர்ப்பறவையில் அலகும் நெற்றியும் வெள்ளையாக இருந்தால் நாமக்கோழி. நெற்றி சிவந்து விலாவில் வெள்ளைக் கோடு இருந்தால் தாழைக்கோழி. நீர்க்காகத்தின் அலகு நுனி வளைந்திருக்கும். பாம்புத்தாராவுக்குக் குத்தீட்டி போல் நேராக இருக்கும்.

எண்ணிக்கையோடு அது நின்ற ஆழத்தையும் எழுதுங்கள். மிகப் பலர் விட்டுவிடும் குறிப்பு இது. பின்னால் மிகுதியாக உதவுவதும் இதுவே. சிறிய உள்ளான்கள் ஈரச் சேற்றிலும் ஓரிரு விரல் தண்ணீரிலும் மேயும். கொக்குகள் ஒரு சாண் வரை. தலையைக் கவிழ்த்து மேயும் புள்ளிமூக்கு வாத்தும் ஊசிவால் வாத்தும் முழங்கால் ஆழத்துக்குள். முக்குளிப்பானும் நீர்க்காகமும்தான் ஆழம் தேடுபவை. ஏரியின் சரிவு எவ்வளவு மெல்லியதோ, அவ்வளவு வகைப் பறவைக்கு ஒரே நாளில் இடம் கிடைக்கும்.

பறவைகள் ஏரி விட்டு ஏரி போகும். பக்கத்து ஏரியில் அதே காலையில் இன்னொரு குழு எண்ணினால், உங்கள் ஏரியில் குறைந்தது அழிவா இடமாற்றமா என்று தெரியும். ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பும் நடக்கின்றன. உங்கள் ஜனவரி எண்ணிக்கையை அவற்றோடு பொருத்திக்கொள்ளுங்கள். இபேர்டு எனும் பறவைப் பதிவுத் தளத்தில் நேரம், தூரத்தோடு ஏற்றினால் பதிவு நிலைக்கும்.

கூடு கட்டிய மரங்களிலிருந்து குறைந்தது நூறு மீட்டர் தள்ளி நில்லுங்கள். டிரோன் வேண்டாம். பெரிய பறவை எழும்பிப் போன சில நிமிடத்தில் காகம் முட்டையைத் தூக்கிவிடும், இல்லையென்றால் வெயிலில் குஞ்சு வாடிவிடும். கூடு இருக்கும் இடத்தைப் பொதுவில் வெளியிடவும் வேண்டாம்.

7. கண்ணில் எளிதில் படாத உயிர்கள்

தும்பிகளில் தொடங்குங்கள். உட்காரும்போது சிறகை விரித்து வைத்தால் தட்டான்; உடலோடு சேர்த்து மடக்கினால் பெரும்பாலும் ஊசித்தட்டான். இரண்டின் இளம்பருவமும் தண்ணீருக்குள்தான். மூழ்கிய செடி இல்லாத ஏரியில் வகைகள் சட்டென்று குறையும்.

தவளையைக் காதால் பதிவு செய்யுங்கள். முதல் பெருமழைக்குப் பிந்தைய இரவில் கைப்பேசியில் ஐந்து நிமிடம் ஒலிப்பதிவு எடுத்தால் போதும்.

மீனுக்கு வலை போட வேண்டாம். குத்தகைக்காரரின் அறுவடை நாளில் கரையில் நின்று பாருங்கள். அயிரை, குரவை, ஆரால், உளுவை எவ்வளவு, திலேப்பியா எவ்வளவு, தடைசெய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தி வருகிறதா என்று குறியுங்கள். வலையில் ஆமை சிக்கினால் விடுவிக்கச் சொல்லுங்கள். ஆமை பிடிப்பது 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். தண்ணீர்ப்பாம்புக்கு நஞ்சில்லை என்பதை அங்கேயே சொல்லிவிடலாம்.

8. இரண்டாம் ஆண்டில் கை வைக்கும் வரிசை

முதலில் சாக்கடையும் குப்பையும். ஊட்டச்சத்து வந்துகொண்டே இருக்கும்வரை நீங்கள் அகற்றும் வெங்காயத்தாமரை திரும்பத் திரும்ப வரும்.

இரண்டாவது வரத்துக்கால். கீழிருந்து மேலாக அல்ல, அடைப்பு எங்கே பெரிதோ அங்கே தொடங்குங்கள்.

மூன்றாவது கலங்கலும் மதகும். இவை பொறியாளர் வேலை. துறையின் அனுமதியில்லாமல் ஒரு கல்லையும் நகர்த்தக் கூடாது. கரை உடைந்தால் பொறுப்பு உங்கள் தலையில் விழும், அதைவிடப் பெரிதாக ஊர் மூழ்கும்.

தூர்வாருவது நான்காவதுதான், அதுவும் தேவைப்பட்டால் மட்டும். நீங்கள் அளந்த சேற்றுத் தடிமன் இங்கே உதவும். மதகை ஒட்டி வண்டல் ஏறியிருந்தால் அங்கே மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். உள்வாய் ஓரச் சரிவைத் தொட வேண்டாம். விவசாயிகள் வயலுக்கு வண்டல் எடுக்க உரிய அனுமதி பெற வேண்டும். எடுக்கும் ஆழத்தை அனுமதியிலேயே எழுதிக் கேளுங்கள், இல்லையென்றால் கிணறு போன்ற குழிகள்தான் மிஞ்சும்.

மரம் நடுவது கடைசி. பனை விதையைக் கரையின் வெளிச்சரிவு அடியில், மதகிலிருந்து தள்ளி, பத்தடி இடைவெளியில் ஊன்றுங்கள். கரையின் உச்சியில் ஆலும் அரசும் வைத்தால் வேர் வழியே நீர் கசியும். உள்வாயின் மேல் ஓரத்தில் நீர்மருது, நீர்க்கடம்பு, கருவேலம் பொருந்தும். சில மாதம் தண்ணீரில் நின்றாலும் சாகாதவை இவை, பறவையும் கூடு கட்டும்.

9. களை அகற்றும்போது

வெங்காயத்தாமரையைக் கோடையில், நீர்ப்பரப்பு சுருங்கியிருக்கும்போது, பூக்கும் முன் எடுங்கள். சத்து மிகுந்த வெதுவெதுப்பான நீரில் அது இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகும். விதை சேற்றில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். ஒரு பாதி எடுத்து மறு பாதியை அடுத்த மாதத்துக்கு வைத்தால் செய்த வேலை வீண். காற்று அதை ஒரு பக்கம் ஒதுக்கும் நாளில், காலி டப்பா கட்டிய கயிற்றால் வளைத்து அந்தப் பக்கமாகவே இழுத்துக் கரையேற்றுங்கள். முழு நீர்மட்டக் கோட்டுக்கு மேலே குவிக்க வேண்டும். கரையடியில் குவித்தால் அடுத்த மழையில் திரும்ப மிதக்கும். தொழிற்சாலைக் கழிவு கலந்த ஏரியின் செடியை உரமாக்காதீர்கள்.

களைக்கொல்லி தெளிக்க யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். செடி ஒரே நேரத்தில் அழுகி ஆக்சிஜனைக் குடித்துவிடும். இரண்டு நாளில் மீன் செத்து மிதக்கும்.

நெய்வேலிக் காட்டாமணக்கு வெட்டினால் ஒழியாது, வெட்டிய ஒவ்வொரு துண்டும் ஈரத்தில் வேர் விடும். மண் ஈரமாக இருக்கும்போது வேரோடு பிடுங்கி, காய்ந்த மேட்டில் உலர்த்துங்கள். சீமைக்கருவேலத்தையும் அடித்தூரோடு எடுக்க வேண்டும். ஆனால் எடுக்கும் முன் அண்ணாந்து பாருங்கள். இராமநாதபுரம் மாவட்டக் கண்மாய்களில் நாரைகள் சீமைக்கருவேலத்திலேயே கூடு கட்டுகின்றன. அங்கே மாற்று மரம் வளர்ந்து நிற்கும்வரை கூட்டு மரங்களைத் தொடக் கூடாது. தாழைக்கோழியும் இலைக்கோழியும் மிதக்கும் செடிகளின் மேலேயே கூடு வைக்கும். அதையும் பார்த்த பிறகே இழுங்கள்.

சம்பும் கோரையும் களையல்ல. வாய்க்கால் வாயை அடைத்த பகுதியை மட்டும் வெட்டுங்கள், மீதி நிற்கட்டும்.

10. சரியான சட்டத்தின் பெயரில் மனு கொடுங்கள்

எல்லா நீர்நிலைக்கும் '2017 ஈரநிலப் பாதுகாப்பு விதிகள்' என்று எழுதுவது பரவலான தவறு. பாசனத்துக்கென்றே, குடிநீருக்கென்றே கட்டப்பட்ட நீர்நிலைகளை அந்த விதிகள் தம் வரையறையிலிருந்து விலக்கிவிட்டன. பாசன ஏரிக்கு அந்த விதியைக் காட்டினால் மனு திரும்பி வரும். வேடந்தாங்கல், கரிக்கிலி, கூந்தன்குளம் போல 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தவற்றுக்கும் இயற்கைச் சதுப்புகளுக்கும் அது பொருந்தும்; கழிவு கொட்டுவது, ஆக்கிரமிப்பது, கடந்த பத்தாண்டு சராசரி வெள்ள உச்ச மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள் நிரந்தரக் கட்டடம் எழுப்புவது ஆகியவற்றை அங்கே தடைசெய்கிறது.

நீர்வளத்துறை ஏரி என்றால் 2007ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டத்தைக் காட்டி, முதலில் எல்லை அளக்கக் கேளுங்கள். ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பிலுள்ள குளம், வாய்க்கால் புறம்போக்கு என்றால் 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம். அதில் 7ஆம் பிரிவு அறிவிப்பு கொடுத்த பிறகே 6ஆம் பிரிவின்படி அகற்ற முடியும். நடவடிக்கை எந்த நிலையில் நிற்கிறது என்று கேட்கும்போது இந்த எண்களைச் சொல்லிக் கேளுங்கள்.

ஒரு மனுவில் ஒரே கோரிக்கை. புல எண், வகைப்பாடு, பரப்பு, தேதியிட்ட இரண்டு படம், இருப்பிடக் குறி. 'ஏரியைக் காப்பாற்றுங்கள்' என்று எழுதினால் யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை; 'புல எண் இன்னதில் உள்ள வரத்துக்காலை அளந்து எல்லைக் கல் நடவும்' என்றால் ஒருவர் பதில் சொல்லியாக வேண்டும். திங்கள்கிழமை ஆட்சியரகக் குறைதீர் கூட்டத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். பதில் இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு அந்த ஒப்புகை எண்ணின் மேல் எடுத்த நடவடிக்கையைக் கேளுங்கள். பதிலுக்குக் கெடு 30 நாள்.

கிராம சபைக்கு ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆறு நாள் உண்டு. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள் என்பதால் ஏரிப் பொருளுக்கு இடம் எளிதாகக் கிடைக்கும். தீர்மான வாசகத்தை நீங்களே எழுதிக்கொண்டு போங்கள். பாசன விவசாயிகளும் மீன் குத்தகைக்காரரும் அதை முன்கூட்டியே படித்து ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். கோடையில் கடைசித் தண்ணீரை மோட்டார் வைத்து இறைக்காமல் ஒரு மடுவை மீனுக்கும் ஆமைக்கும் விட்டுவைப்பது குத்தகைக்காரர் மனம் வைத்தால் மட்டுமே நடக்கும். ஆகவே, அவரோடு பேசுவதை மனு எழுதுவதற்கு முன்னால் வையுங்கள்.

தீர்மானம் நிறைவேறிய அன்றே நகல் கேளுங்கள். ஓராண்டுப் பதிவுகளின் ஒரு படியை ஊராட்சியின் உயிர்ப்பல்வகைமை மேலாண்மைக் குழுவிடம் கொடுத்து மக்கள் உயிர்ப்பல்வகைமைப் பதிவேட்டில் சேர்க்கச் சொல்லுங்கள். இன்னொரு படி மடை திறக்கிறவர் வீட்டில் இருக்கட்டும். அடுத்த ஐப்பசியில் கழியோடு முதலில் ஏரிக்குப் போகப் போகிறவர் அவர்தான்.